மைக் அக்காவின் ஊமை போன்

"அன்பான வீட்டுக்காரரே, உங்கள் மேலான கவனத்திற்கு! என் போனில் சத்தம் வரவில்லை. மீண்டும் அறிவிக்கிறேன், என் போனில் சத்தம் வரவில்லை!"

குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று இப்படி அறிவித்தவளை, அவள் வேலை பார்க்கும் நான்கு மாடி ஜவுளிக்கடையில் எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். கடையின் படிக்கட்டுக்கு அடியில் ஜன்னல் இல்லாத ஒரு கூண்டு, அதற்குள் ஒரு மைக், அதற்கு முன்னால் இவள். காணாமல் போன குழந்தை, வழியை மறித்து நிற்கும் வண்டி, யாரோ மறந்துவிட்டுப் போன குடை எல்லாம் இவள் வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியவரும். எதையும் இரண்டு தடவை சொல்லிப் பழகிய வாய், வீட்டிலும் அப்படியே பேசும்.

உள்ளே குளித்துக்கொண்டிருந்தவர் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. வீட்டில் மட்டும் அவருக்கு இன்ஜினியர் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் அவரேதான். அவர் பழுது பார்த்த நாளிலிருந்து மிக்ஸி ஓடவேண்டுமானால் ஹாலில் லைட் போடவேண்டும்.

"இதோ வந்துட்டேன்! நான் வர்ற வரைக்கும் யாரும் அதைத் தொடாதீங்க!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. சோப்பு நுரையோடு அவரும் வந்தார்.

"என்னைக்கு வேணும்னாலும் கெட்டுப் போயிருக்கலாமே, இன்னைக்குத்தானா கெடணும்?" மைக் அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

அழுகை வராமல் என்ன செய்யும்? நகரப் பேருந்துகளில் 'அடுத்த நிறுத்தம்' சொல்ல ஒரு குரல் தேடுகிறார்கள். எல்லாப் பேருந்துக்கும் ஒரே குரல். ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். ஆணா பெண்ணா, என்ன வயது, என்ன படிப்பு, எதுவும் கேட்க மாட்டார்களாம். பெயரைக்கூடப் பிறகு கேட்டுக்கொள்வார்களாம். குரல் ஒன்றுதான் கணக்கு. இன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்களே கூப்பிட்டுப் பேசச் சொல்லிக் கேட்பார்கள். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள்.

ஒரு வாரமாக அவள் வெந்நீர்தான் குடிக்கிறாள். கடைக்கு இன்று லீவு. காலையிலேயே சொல்லவேண்டிய வரிகளும் போனில் எழுத்தாக வந்துவிட்டன. அந்தக் கூண்டைவிட்டு வெளியே வந்து, தன் குரல் ஊர் முழுக்கச் சுற்றவேண்டும் என்று அவளுக்கு அப்படி ஓர் ஆசை. இந்த நேரம் பார்த்துப் போன் ஊமையாகிவிட்டது.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? கடைசியா நீங்கதானே கையில வச்சிருந்தீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலை. அப்பாவோட புது காது மெஷினுக்கு ஏதோ ஆப் இறக்கணும்னு அட்டைப்பெட்டியில போட்டிருந்துச்சு. என் போன்ல இடமில்லை, உன்னுதுல இறக்கிப் பார்த்தேன். அதுக்கும் ஸ்பீக்கருக்கும் என்ன சம்பந்தம்?"

"அந்த மெஷினும் நீங்க மாட்டினதுதானே? அதுவும் உருப்படலை!"

அந்தக் குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. அவளுடைய மாமனாருக்குக் காது மந்தம். முப்பது வருடத்துக்கு மேல் நகரப் பேருந்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான், அவருடைய தொண்டை இன்னும் டூட்டியில்தான் இருந்தது. இரண்டாவது மாடி பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே தெருவில் போகிற பேருந்துக்கெல்லாம் "ரைட்! போலாம்!" என்று உத்தரவு கொடுப்பார். தன் காது மந்தமானதும் ஊருக்கே காது மந்தம் என்று முடிவு செய்து, எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார். நேற்று புதிதாகக் காதுக் கருவி வாங்கி மாட்டினார்கள். மாட்டிய பிறகும் கத்தல் குறையவில்லை.

"சரி, விடு. முதல்ல டெஸ்ட் பண்ணுவோம்" என்று இன்ஜினியர் களத்தில் இறங்கினார்.

போனை அணைத்துப் போட்டார். ஒரு பாட்டை ஓடவிட்டார். திரையில் பாட்டுக்காரர் வாயைத் திறந்து திறந்து மூடினார். சத்தம் மட்டும் இல்லை. ஒலியைக் கூட்டினார், இன்னும் கூட்டினார். மைக் அக்கா காதை வைத்துப் பார்த்தாள், கொசு முனகும் சத்தம்கூட இல்லை.

பால்கனியில் மாமனார் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"இங்க வீடு பத்தி எரியுது, மாமாவுக்குக் குஷியைப் பாருங்க" என்றாள் மைக் அக்கா.

"அவரை விடு. இது தூசி. ஸ்பீக்கர் ஓட்டையில தூசி அடைச்சிருக்கு."

இன்ஜினியர் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து வந்து தேய்த்தார். தேய்த்து முடித்த பிறகுதான் அது பழைய பிரஷ் இல்லை, காலையில் அவர் பேஸ்ட் தடவி வைத்த பிரஷ் என்று தெரிந்தது. தூசி இருந்ததோ இல்லையோ, இப்போது ஸ்பீக்கர் ஓட்டை முழுக்கப் பேஸ்ட்.

"ஐயையோ! என்னங்க இது, வெள்ளை வெள்ளையா!"

"பதறாதே. துடைச்சா போயிடும்."

ஈரத்துணியால் துடைத்தார். பேஸ்ட் உள்ளே போனது, தண்ணீரும் உள்ளே போனது.

"இப்ப ஈரம் வேற ஆயிடுச்சு!"

"ஈரத்துக்கு வழி இருக்கு. அரிசி!"

போனை அரிசி டப்பாவுக்குள் புதைத்தார்கள். மைக் அக்கா பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். காத்திருக்கப் பொறுமை இல்லாத இன்ஜினியர், தலைமுடி உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்து டப்பாவுக்குள் சூடான காற்றை விட்டார். அரிசி சமையலறை முழுக்கப் பறந்தது. வெளியே எடுத்துப் பார்த்தால், சார்ஜ் போடும் ஓட்டையில் ஓர் அரிசி கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"இயர்போன் மாட்டியாவது பேசலாம்னு நினைச்சேனே! அதுக்கும் இதே ஓட்டைதானேங்க!" மைக் அக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "சரி, சிம்மை எடுத்து உங்க போன்ல போடுங்க."

இன்ஜினியர் கூரையைப் பார்த்தார்.

"என்ன?"

"போன வாரம் என் போனை நான் கொஞ்சம் சர்வீஸ் பண்ணினேன். அந்த சிம் போடுற தட்டு உள்ள போச்சு, திரும்ப வரலை."

மைக் அக்கா அவரைப் பார்த்த பார்வையில், அவர் சட்டென்று வேறு யோசனைக்குத் தாவினார்.

"இந்தா, வீடியோவில ஒரு வழி இருக்கு! ஸ்பீக்கர்ல இருக்கிற தண்ணியையும் தூசியையும் சத்தத்தாலேயே வெளியே தள்ளிடுமாம். லட்சக்கணக்கான பேர் பார்த்திருக்காங்க. ஒலியை முழுசா வச்சு ஓடவிடணும், அவ்வளவுதான்!"

"சத்தமே வராத போன்ல சத்தத்தை எப்படிங்க ஓடவிடுவீங்க?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் இன்ஜினியர் அதற்குள் ஒலியை முழுதாக ஏற்றி, வீடியோவைத் தட்டிவிட்டார். திரையில் ஒரு நீல வட்டம் நடுநடுங்கியது.

அடுத்த கணம் பால்கனியில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது.

"குளவி! குளவி! ஐயோ, கொட்டப் போகுது!" மாமனார் ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு, மறு கையால் தோள் துண்டைச் சுழற்றியபடி ஹாலுக்குள் ஓடிவந்தார்.

"எங்கப்பா? எங்க குளவி?"

"இங்கடா! ஒண்ணு இல்லை, ஒரு கூடே வந்திருக்கு! ஜன்னலைச் சாத்து!"

எல்லா ஜன்னல்களையும் சாத்தினார்கள். இன்ஜினியர் துடைப்பத்தோடு பரணிலும் அலமாரி மேலேயும் தேடினார். களேபரத்தில் மைக் அக்கா வீடியோவை நிறுத்தினாள். மாமனாரும் நின்று, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"போயிடுச்சு" என்றார் நிம்மதியாக. மறுபடியும் பால்கனிக்குப் போய் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு குளவியையும் காணோமே. பாவம், தனியா உட்கார்ந்து உட்கார்ந்து அப்பாவுக்கு என்னமோ ஆகுது" என்றார் இன்ஜினியர்.

"மாமாவை நாளைக்குப் பார்க்கலாம். இன்னைக்கு என்னைப் பாருங்க! சாப்பாட்டு நேரமே வந்தாச்சு!"

இரண்டு பேரும் தெருமுனை செல்போன் ரிப்பேர் கடைக்கு ஓடினார்கள். மைக் அக்கா இடது காலில் தன் செருப்பும் வலது காலில் வீட்டுக்காரர் செருப்புமாக ஓடினாள். கடைக்காரர் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டி, ஒரு போனின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அவசரம்! போன்ல சத்தம் வரலை! மீண்டும் சொல்றேன், சத்தம் வரலை!"

"ஒரு தடவை சொன்னா போதும்மா." கடைக்காரர் வாங்கி, போனில் இருந்த ஒரு பாட்டைத் தட்டினார்.

பாட்டு கடையே அதிரும்படி கிளம்பியது. கடைக்காரரின் பூதக்கண்ணாடி கழன்று விழுந்தது. எதிர்ச்சாரியில் நடந்துபோன ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"என்னம்மா, விளையாட்டா? இதைவிடச் சத்தமா இன்னும் என்ன வேணும்?"

மைக் அக்காவும் இன்ஜினியரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்ஜினியர்தான் முதலில் சுதாரித்தார்.

"அந்த வீடியோ வேலை செஞ்சிருச்சு! நான் சொன்னேன்ல!"

கடைக்காரர் ஒரு இடுக்கியால் சார்ஜ் ஓட்டையிலிருந்து அரிசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "லேசா வெந்திருக்கே?" என்றார். மைக் அக்கா போனை வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

வழியெல்லாம் இன்ஜினியருக்குக் கால் தரையில் பாவவில்லை. மைக் அக்காவும் பழையதையெல்லாம் மன்னித்து, "ஆயிரம் சொன்னாலும் உங்களுக்குக் கைராசிதான்" என்று சொல்லிவிட்டாள். பாட்டு வழி முழுக்க ஓடிக்கொண்டே வந்தது. படியேறினார்கள். வாசலைத் தாண்டி உள்ளே கால் வைத்தார்கள். பாட்டு பாதியில் நின்றது.

திரையில் பாட்டுக்காரர் மறுபடியும் வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"ஐயோ!" என்றாள் மைக் அக்கா. "வெளியே நல்லாப் பேசுது, இந்த வீட்டுக்குள்ள வந்தா வாயடைச்சுப் போகுதே!"

"எனக்கும் அப்படித்தான்" என்றார் இன்ஜினியர், மெதுவாக.

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணுமில்லை. தெருவுக்குப் போயிடலாம். அங்கயே நின்னு பேசிடு!"

நல்ல யோசனைதான். இன்று முழுக்க அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உருப்படியான யோசனை. ஆனால் மைக் அக்கா ஒரு காலைச் செருப்புக்குள் நுழைக்கும்போதே திரை மின்னியது. புதிய எண்! இயர்போனைத் தேடி எடுக்கக்கூட நேரமில்லை.

"வந்துட்டாங்க! அவங்கதான்! நான் கீழ ஓடிடறேன்!"

"ஓடாதே! மூச்சு வாங்கும், குரல் கெட்டுடும்! முதல்ல எடு, கட் ஆயிடப் போகுது!"

எடுத்தாள். "ஹலோ! வணக்கம்! கேக்குதுங்களா?"

ஒரு சத்தமும் இல்லை. திரையில் வினாடிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

"ஹலோ! நான் பேசறது கேக்குதா?"

"நல்லா கேக்குது! சொல்லும்மா!" என்று பால்கனியிலிருந்து மாமனார் கத்தினார்.

"அப்பா, உங்களைக் கேக்கலை! கொஞ்சம் சும்மா இருங்க!" என்று இன்ஜினியர் கத்தினார். பிறகு மனைவியிடம் திரும்பி, "என்ன சொல்றாங்க?" என்றார்.

"ஒண்ணும் கேக்கலையே! லைன் மட்டும் இருக்கு!" அவள் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு கணம் எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தாள். அடுத்த கணம் அவள் முதுகு நிமிர்ந்தது.

"ஏங்க, நமக்குத்தானே அவங்க பேசறது கேக்கலை? நான் பேசறது அவங்களுக்குக் கேக்கலாம் இல்லையா? ஸ்பீக்கர்தானே போச்சு, மைக் போகலையே! இத்தனை வருஷமா பதில் வராத மைக்குலதான் பேசிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு என்ன புதுசா? வரிகள் எனக்கு மனப்பாடம். பேசிடறேன்!"

இன்ஜினியருக்குப் புல்லரித்துப்போனது. "பேசுடி! விடாதே!"

மைக் அக்கா ஹாலின் நடுவில் நின்று, இடது கையைக் காதருகே குவித்து, கண்ணை மூடிக்கொண்டாள். "அன்பான பயணிகளே! அடுத்த நிறுத்தம், மருத்துவமனை. இறங்க வேண்டியவர்கள் தயாராக இருக்கவும். மீண்டும் அறிவிக்கிறோம்..."

"ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி இறங்கறவங்க முன்னால வாங்க! கைக்குழந்தைக்காரங்களுக்கு வழி விடுங்க!" பால்கனியிலிருந்து இடிபோல் வந்தது கண்டக்டர் குரல்.

"போச்சு! கீழே பஸ் போகுது போல, ஆரம்பிச்சுட்டார்!" இன்ஜினியர் பாய்ந்துபோய்ப் பால்கனிக் கண்ணாடிக் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அப்படியும் திருப்தி இல்லாமல், கதவிடுக்கில் ஒரு போர்வையையும் திணித்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமனார் எழுந்தே விட்டார். துணிக்கொடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கால்களை அகட்டி, ஓடும் பேருந்தில் நிற்பவர்போல முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே ஏதோ கத்திக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை வெட்கத்தோடு சிரித்தார். பிறகு விரலை நீட்டி, காய்ந்துகொண்டிருந்த சட்டைகளைப் பார்த்து அதட்டினார்.

இங்கே மைக் அக்கா உச்சத்தில் இருந்தாள். நூலகம் சொன்னாள், மேம்பாலம் சொன்னாள், அஞ்சலகம் சொன்னாள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை, ஒரு மூச்சு தப்பவில்லை. இன்ஜினியர் எதிரில் நின்று, சத்தம் வராமல் இரண்டு கையையும் தட்டுவதுபோல் காட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில், "உங்கள் பயணம் இனிதாகட்டும்" என்று அவள் சொல்லி முடித்துக் கொஞ்ச நேரத்தில் அழைப்பு அந்தப் பக்கத்திலேயே துண்டிக்கப்பட்டது.

இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கேட்டிருக்குமாங்க?"

"கேட்காம இவ்வளவு நேரம் லைன்ல இருப்பாங்களா?"

"இருந்தாலும் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்கும்டி, கேட்டிருக்கும்!"

மைக் அக்கா சோபாவில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடியும் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். இன்ஜினியர் மூன்றாவது தடவையாகப் போனைத் துடைத்தபோது திரை மின்னியது. செய்தி!

"நீங்க படிங்க, எனக்குப் படபடன்னு இருக்கு!"

இன்ஜினியர் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "வணக்கம். உங்கள் குரலையே தேர்ந்தெடுத்திருக்கிறோம். இவ்வளவு உயிருள்ள குரலை நாங்கள் இதுவரை கேட்டதில்லை. முக்கியமாக, உங்கள் அதட்டலும் அதற்குள் இருக்கும் பாசமும் எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. போனில் பேசிக்கொண்டபடி திங்கட்கிழமை காலை வந்துவிடவும்."

மைக் அக்கா போட்ட கூச்சலுக்கு மைக்கே தேவையில்லை. ஹாலைச் சுற்றி ஓடினாள். சோபா தலையணையைத் தூக்கி எறிந்தாள். வீட்டுக்காரரின் இரண்டு கன்னத்தையும் பிடித்து இழுத்தாள். "ஊரே கேட்கப் போகுதுங்க! ஒவ்வொரு பஸ்ஸிலேயும் நான்! மீண்டும் சொல்றேன், நான்!" கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தாள்.

திடீரென்று நின்றாள். "ஆமா, அதட்டலா? நான் எங்கங்க அதட்டினேன்?"

"நான் சொன்னா நம்ப மாட்டே. இப்ப அவங்களே எழுதிட்டாங்க பாரு!" என்று இன்ஜினியர் கல்யாணமான நாளிலிருந்து சேர்த்து வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சிரித்தார்.

அப்போதுதான் கண்ணாடிக் கதவு தடதடவென்று தட்டப்பட்டது. "ஐயோ, மாமாவைப் பூட்டி வச்சிட்டோமே!" மைக் அக்கா ஓடிப்போய்ப் போர்வையைப் பிடுங்கித் தாழ்ப்பாளைத் திறந்தாள். மாமனார் வேர்த்து விறுவிறுத்து, முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார். சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு சிட்டிகைச் சர்க்கரையை எடுத்து அவர் வாயில் போட்டு, அவர் காதருகே குனிந்து, தன் சந்தோஷத்தைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"டேய், நீ மாட்டிவிட்ட மெஷின் பிரமாதம்டா! காலையில பாட்டுப் போட்டுச்சு, நடுவுல குளவி விட்டுச்சு, இப்ப ஒரு பொண்ணு காதுக்குள்ளயே வந்து ஸ்டாப்பெல்லாம் சொல்லச் சொல்லிச்சு, சொன்னேன். ஏம்மா, திங்கக்கிழமை எனக்குச் சீக்கிரமா சாப்பாடு கட்டிடு, என்னை மறுபடியும் டூட்டிக்கு எடுத்துக்கிட்டாங்க!"